சாதாரணம் என்று சொன்னேன்

சேலத்து மருத்துவமனையில் மாமாவுக்கு எழுதிக் கொடுத்த சீட்டை அத்தை கைபேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தார். நான் அப்போது சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டில் இருந்த மருந்தின் பெயரைப் படித்ததும் எழுந்து போய் உறைபெட்டியைத் திறந்தேன். அதே பெயர், குப்பியில் என் கையெழுத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. நான்கு வருடங்களாகத் தட்டுகளில் வளரும் செல்களின் மேல் நான் துளித்துளியாக விட்டுக்கொண்டிருந்த மருந்தை, அடுத்த வாரம் என் மாமாவின் வயிற்றுத் தோலுக்கு அடியில் ஏற்றப்போகிறார்கள். பயந்திருக்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பெருமையாக இருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகும் ஒரு தனியார் பேருந்தின் ஓட்டுநர். இருபத்தாறு வருடங்கள் அந்த மலைப்பாதையில் ஓட்டி ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று அத்தை சொல்வார். மலையில் ஏதாவது ஒரு திருப்பத்தில் சாமை மூட்டையோடு யாராவது இறங்கி வருவது தெரிந்தால், அவர்கள் வந்து சேரும்வரை வண்டியை நிறுத்திக் காத்திருப்பார். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பது அவர் காதில் விழாது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. முப்பது வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான். போன் செய்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, “இன்னா பாப்பா, செல்லுங்களுக்கு சோறு போட்டியா?” என்பதுதான். வளர்ப்புத் தட்டுகளில் இரண்டு நாளுக்கு ஒருமுறை சத்துநீரை மாற்ற வேண்டும் என்று நான் எப்போதோ சொன்னதை அப்படிப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு வந்த முதுகுவலியை ஓட்டுநர்களுக்கெல்லாம் வருவதுதான் என்று ஒரு வருடம் விட்டுவிட்டோம். ரத்தம் குறைந்து, மலையேறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் எலும்பு மஜ்ஜையில் புற்று என்று தெரிந்தது.

முதல் ஊசிக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தேன். அந்த மருந்து என்ன செய்யும் என்று மாமா கேட்டார். ஒவ்வொரு செல்லும் ஓயாமல் புரதங்களைச் செய்துகொண்டே இருக்கும், அவற்றில் பழசானதையும் கோணலாக அமைந்ததையும் அரைத்து அப்புறப்படுத்த அதற்குள்ளேயே ஒரு இயந்திரம் உண்டு, இந்த மருந்து அந்த இயந்திரத்தின் வாயை அடைத்துவிடும், உங்கள் புற்றுச் செல்கள் மற்ற செல்களைவிடப் பல மடங்கு புரதம் செய்பவை, அதனால் கழிவு சேர்ந்து அவைதான் முதலில் மூச்சுத் திணறும் என்றேன். மாமா கொஞ்சம் யோசித்தார்.

“பஸ் ஸ்டாண்டுல வெளிய போற வழிய மூடிட்ட மாதிரி. ஜாஸ்தி வண்டி வர்ற ஸ்டாண்டுதான் மொதல்ல அடைச்சிக்கும்.”

இதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படியே அத்தையிடம் மெச்சிச் சொன்னேன். ஆனால் மாமா அதோடு நிறுத்தவில்லை. “கம்மியா வண்டி வர்ற ஸ்டாண்டும் ஒரு நாளைக்கு அடைச்சிக்குமே பாப்பா?” என்று கேட்டார். நல்ல செல்கள் தாங்கிக்கொள்ளும் மாமா என்று சிரித்தேன்.

என் ஆராய்ச்சியே அந்தத் தாங்குதலைப் பற்றியதுதான். இயந்திரத்தை அடைத்தவுடன் செல் செத்துவிடுவதில்லை. முதல் சில மணி நேரம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. உள்ளே வேறு கதை. வழக்கமாகப் பிறந்த உடனேயே அழிக்கப்படும் ஒரு புரதம், அழிக்க ஆளில்லாததால் பிழைத்து, செல்லின் உட்கருவுக்குள் போய், புது இயந்திரங்களைச் செய்யச் சொல்லி உத்தரவு கொடுக்கும். தேங்கும் கழிவுகளைச் செல் ஒரு மூலையில் ஒன்றாகக் குவித்து வைக்கும். அதற்குள் வழி திறந்தால் பிழைத்துக்கொள்ளும். அடைப்பு நீடித்தால் சாகும். அடியிலிருந்து முடிவரை மிக நீளமாக இருக்கும் நரம்புச் செல்கள் இதில் சீக்கிரம் கஷ்டப்படும், பாதத்தில்தான் அது முதலில் தெரியும் என்பதும் நான் படித்ததுதான்.

நான்கு மாதங்களில் மாமா தேறினார். ரத்தம் ஏறியது, வலி போனது. வேண்டாமென்று அத்தை அழுதும் கேட்காமல் வண்டிக்குத் திரும்பினார். ஊசி தொடர்ந்தது. அந்த நாட்களில் ஒருமுறை மதியம் போன் செய்தார். நான் இரண்டு மணிக்கொருதரம் செல்களை எடுத்துப் பதப்படுத்தும் சோதனையில் இருந்தேன். அடுத்த தட்டை எடுக்க ஐந்து நிமிடம்கூட இல்லை.

“பாதம் மணல் மேல நடக்கற மாதிரி இருக்குது பாப்பா. அந்த ஊசியாலயா?”

“அது எல்லாருக்கும் வர்றதுதான் மாமா. சாதாரணம். போய்டும்,” என்றேன்.

சரி என்று வைத்துவிட்டார். மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள், இடைவெளி விடுவார்கள் என்று சொல்ல இன்னொரு நிமிடம் போதும். அந்தப் பாதத்தால்தான் பிரேக்கை மிதிக்கிறார் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, வெள்ளிமலையிலிருந்து காலை வண்டி இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் மாமா பிரேக்கை மிதித்தார். மிதித்ததாக நினைத்தார். பாதம் பிரேக்குக்குப் பக்கத்துத் தகட்டில் இருந்தது. வண்டி வேகமெடுத்ததும் கீழே பார்த்துப் புரிந்துகொண்டு, கைபிரேக்கை இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைச்சுவரோடு உரசி நிறுத்தினார். ஒரு மலைக்காரப் பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவருக்கு உதடு கிழிந்தது. யாரும் சாகவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மற்ற ஓட்டுநர்கள் சொல்லிக் கொடுத்தார்களாம். மாமா காவல் நிலையத்தில், “வண்டியில ஒண்ணும் இல்லீங்க. என் கால்லதான்,” என்று சொல்லி உரிமத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். மணிக்கட்டு முறிந்த பெண்ணை, கட்டுப் பிரிக்கும் வரை வாரம் தவறாமல் போய்ப் பார்த்தார். அவர் ஓட்டிய அதே பேருந்தில் பயணியாகப் போனார்.

அதன் பிறகு நான் ஊருக்குப் போனபோதெல்லாம் அவர் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் வாசல்வரை வந்துவிடுவார். செல்லுங்களுக்குச் சோறு போட்டாயா என்பதை மட்டும் விடவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் பேருந்தில் வரும்போதே வாக்கியத்தைத் தயார் செய்வேன். அவரைப் பார்த்ததும் வேறு எதையாவது பேசுவேன். இரண்டு வருடம் அப்படியே போனது. மருந்துக்குத் தப்பிய செல்கள், நான் தட்டில் பார்த்ததைப் போலவே, புது வழி திறந்துகொண்டு பெருகித் திரும்பி வந்தன. அந்த வருட மழைக்காலத்தில் மாமா இறந்துபோனார்.

காரியம் முடிந்த மறுநாள் அத்தை மருத்துவமனைக் காகிதங்களை என் முன்னால் வைத்து, எது வேண்டும், எதை எறியலாம் என்று பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் நிரப்ப வேண்டிய தாள் அதில் கற்றையாக இருந்தது. கை கால் மரத்துப்போகிறதா என்ற கேள்விக்கு எதிரே, விபத்து நடந்த நாள்வரையிலான எல்லாத் தாளிலும் அத்தையின் கையெழுத்தில் ‘இல்லை’.

ஏன் அத்தை இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன்.

“நான் இருக்குதுன்னு எழுதத்தான் போனேன். அவருதான் வோணாம்னாரு,” என்றார் அத்தை. குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. “சாதாரணம்தான்னு பாப்பா சொல்லிடுச்சு, இதப் போய் டாக்டர்கிட்ட சொன்னா ஊசிய கொறச்சிடுவாங்க, பாப்பா கண்டுபுடிச்ச மருந்து, அத நம்ம வூட்லயே சரியில்லன்னு சொன்னா நல்லாவா இருக்கும்னாரு.”

அந்த மருந்து நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே எங்கோ, யாரோ கண்டுபிடித்தது. அதை அத்தையிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் தாள்களை அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து, என் பைக்குள் வைத்தார். உன் ஆராய்ச்சிக்கு உதவும், எடுத்துக்கினு போ என்றார்.

எடுத்துக்கொண்டு வந்தேன். இன்றுவரை சொல்லவில்லை.