வைத்தியரம்மா நிமிர்த்திய தகடுகள்

தொழிற்சாலையில் அவளுக்கு வைத்தியரம்மா என்று பெயர். ஊசியோ மருந்தோ அவள் கையில் கிடையாது. ஓர் இடுக்கி, ஓர் உருப்பெருக்கி, அவ்வளவுதான். கோணலாக வந்து சேரும் தகடுகளை நிமிர்த்தி அனுப்புவது அவள் வேலை.

ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது. அதில் பதிந்திருப்பதைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், ஆனால் தொட்டுவிடும் நெருக்கத்தில் மிதக்க வேண்டும். அந்த முனையைத் தாங்கிப் பிடிப்பது நகத்தின் அகலம்கூட இல்லாத ஓர் எஃகுத் தகடு. அதைத்தான் சஸ்பென்ஷன் என்கிறார்கள். அதன் வளைவு துளி கூடினால் முனை தட்டை உரசும். துளி குறைந்தால் எட்டாமல் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் தன் தம்பியிடம், "எனக்கு சஸ்பென்ஷன்ல வேலை" என்று சொல்ல, அவன், "போன மறுநாளே சஸ்பெண்டா? அப்படி என்னக்கா பண்ணித் தொலைச்சே?" என்று பதறிப்போனான்.

அவள் கணவருக்குப் பக்கத்து அறையில் வேலை. தகடுகளைச் சூடுபடுத்தி, ஆற வைத்து, ஒரு மேடையில் பொருத்தி அதிரவிட்டு, எது அசையாமல் நிற்கிறது என்று பார்ப்பார். "வீட்ல நீ அவரை ஆட்டிவைக்கிறே, அந்தக் கோவத்தை அவர் இங்க வந்து தகடுங்க மேல காட்டுறாரு" என்பாள் அடுத்த மேசைக்காரி. வாயும் மூக்கும் துணிக்குள் இருந்ததால் கண்கள் மட்டும்தான் சிரிக்கும்.

இயந்திரம் வளைத்த தகடுகளில் கோணம் தப்பியவை நீலத் தட்டில் அவளிடமும் அடுத்த மேசைக்காரியிடமும் வரும். மற்றவர்களாக இருந்தால் பாதியைக் கழித்துவிடுவார்கள். அவள் இடுக்கியால் ஓர் அழுத்து, எதிர்ப்பக்கமாக மயிரிழை அளவு ஒரு தள்ளு. அளவுமானியில் பச்சை விளக்கு எரிந்துவிடும். பார்வையாளர்கள் வந்தால் அவள் மேசையைத்தான் முதலில் காட்டுவார்கள். பார்வை மங்கத் தொடங்கும் வயது. வேறெங்கும் போய் வேலை கேட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

டிஸ்க் செய்யும் நிறுவனம் ஒரு லோடைத் திருப்பி அனுப்பியது. ஓடும்போது தகடு நடுங்குகிறது, படிக்கும் இடம் தவறுகிறது என்றார்கள். அடுத்த லோடும் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னான்:

"இதுவும் திரும்பி வந்துச்சுன்னா ஆர்டர் கிடையாது. பிரிவையே மூடிடுவாங்க. நானும் உங்களோட சேர்ந்து வீட்டைப் பார்த்துப் போகவேண்டியதுதான்."

ஒரே பிரிவில் புருஷன், பெண்டாட்டி இருவர் பிழைப்பும். அவள் சாப்பாட்டு நேரத்திலும் மேசையை விட்டு எழவில்லை. முன்பு கோணல் தகடுகளை மட்டும் திருத்தியவள், இப்போது பச்சை விளக்கின் ஓரத்தில் நின்றவற்றையும் விடாமல் நடுவுக்குக் கொண்டுவந்தாள். மாலையில் கணவரிடம் கேட்பாள்:

"இன்னைக்கு எப்படி?"

"நேத்தைவிட மோசம்."

மறுநாள் இன்னும் அதிகமாகத் திருத்துவாள். அது இன்னும் மோசமாகும்.

ஒரு மாலை, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே அவர், "ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது" என்றார்.

"கோவம் வர்ற விஷயம்னா சொல்லாதீங்க."

"மெஷின்ல இருந்து நேரா வந்ததைத் தனியா ஆட்டிப் பார்த்தேன். அசையலை. உங்க ரெண்டு பேர் மேசைக்கு வந்துட்டுப் போனதுதான் நிக்கலை."

அவள் குழாயை மூடினாள். "அப்போ என் கை ராசி சரியில்லைங்கறீங்க."

"ராசி என்ன ராசி. ஒரு பக்கம் வளைஞ்ச எஃகைத் திரும்ப இந்தப் பக்கம் தள்ளுனா, அந்த நேரத்துக்கு நீ சொல்றதைக் கேட்டுக்குது. சூடு பட்டதும் தன் போக்குக்குப் போயிடுது."

"உங்களை மாதிரியா?"

வழக்கமாக இதற்கு இருவரும் சிரித்திருப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை கணவரின் சோதனை அறைக்குள் நுழைந்து, தானே ஒரு தகடைத் திருத்தினாள். பச்சை. அவர் அதை அடுப்பில் வைத்து எடுத்து ஆறவிட்டார். சிவப்பு. இன்னொன்றை மெதுவாகத் திருத்தினாள். சிவப்பு. கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிப் பிறகு திரும்பக் கொண்டுவந்தாள். அதுவும் சிவப்பு. "இன்னொண்ணு குடுங்க" என்று கேட்டுக் கேட்டு வாங்கினாள். தட்டு காலியாகும்வரை அவர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தகவல் கேட்டு சூப்பர்வைசர் வந்தான். "இனிமே கையால சரிபண்றதே வேணாம்க்கா. மெஷின் ஒரே தடவை வளைக்கட்டும். அப்படியே சூட்டுல வெச்சு அதோட இறுக்கத்தைப் போக்கிடலாம். அப்புறமும் கோணலா இருந்தா கழிச்சுடலாம்."

"என் மேசை?"

அவன் கையுறையைச் சரிசெய்தான். "முதல்ல இந்த லோடு போகட்டுமேக்கா."

போகவேண்டிய லோடிலோ அவளும் அடுத்த மேசைக்காரியும் திருத்திய தகடுகளும் நேராக வந்தவையும் கலந்து கிடந்தன. புதிதாகச் செய்ய நேரமில்லை. அளவுமானிக்கு எல்லாமே பச்சை. மறுபடி சூடேற்றிப் பிரிக்கலாம் என்றால், அவற்றில் படிக்கும் முனையை ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது, முனை அந்தச் சூட்டைத் தாங்காது. இடுக்கி பட்ட இடத்தில், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், மூச்சுக்காற்றின் தடம்போல ஒரு மங்கல் தெரியும். அதைக் கண்டுபிடிக்க, அழுத்தியவளே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பார்த்தாள். தான் திருத்தியவற்றைத் தானே பொறுக்கி எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டாள். கழிவு என்ற பெயரே அதுவரை அவள் மேசைக்கு அவமானம். பெட்டி நிறைந்தது, இன்னொன்றை வைத்தார்கள்.

அடுத்த மேசைக்காரியும் தன்னுடையவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குனிந்தபடியே கிசுகிசுத்தாள். "நாலஞ்சு விட்டுப்போனா யாருக்குக்கா தெரியும்? நாளைக்கே கொஞ்சம் நடுங்குச்சுன்னா, கை வேலை வேணும்னு நம்மளத் திரும்பக் கூப்பிட மாட்டாங்களா?"

"நடுங்குச்சுன்னா மூடிடுவாங்கடி. அவர் வேலையும் போயிடும்."

"உனக்கு அவராவது இருக்காரு. எனக்கு?"

வைத்தியரம்மாவின் இடுக்கி நுனியில் ஒரு தகடு இருந்தது. மங்கல் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்து எதுவும் தெரியாமல் போயிற்று. துடைக்க முடியாது, கையுறை அழுக்காகிவிடும். அதையும் பெட்டியில் போட்டாள்.

மிச்சமிருந்த லோடிலிருந்து, கெட்டாலும் பரவாயில்லை என்று மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்துச் சோதனை அறையில் சூடேற்றி ஆறவிட்டார்கள். அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். மேடை அதிர்ந்தது. திரையில் கோடு ஒரு சிலிர்ப்பும் இல்லாமல் ஓடிற்று. முடிந்த பிறகும் கணவர் எழவில்லை. நின்றுபோன மேடையின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கடைசியில், துக்கம் சொல்ல வருகிறவர் போல வெளியே வந்தார்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அவள் தலையசைத்தாள். கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"அப்போ நாளைக்கு நான் எங்கங்க போய் உட்கார்றது?" என்றாள்.