கோலுக்குப் பின்னால் ஒரு தேரை

சாந்தா ரோமானா என்கிற சின்ன ஊரில் கால்பந்து என்பது மூன்றே மாதம்தான். ஜனவரிக் கடைசியில் மாநிலப் போட்டி தொடங்கும், ஏப்ரலில் முடிந்துவிடும். பெரிய நகரத்து அணிகளுக்கு அதற்குப் பிறகும் ஆட்டம் உண்டு, தொலைக்காட்சி உண்டு. ரோமானா அணிக்கு ஒன்றும் கிடையாது. ஆட்டக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஒருவன் ஓட்டுச் சூளைக்குப் போவான், ஒருவன் மாமனாரின் லாரியில் ஏறுவான். மைதானத்தில் மிச்சம் இருப்பது புல்லும் ஜெர்சீனோவும்தான்.

ஜெர்சீனோ அந்த மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர். பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் இரண்டு அறை. பத்தொன்பது வருஷமாக மனைவி தால்வாவோடு அங்கேதான் குடித்தனம். வேலை இருக்கும்வரை வீடு. அவர் வந்த புதிதில் அங்கே கட்டாந்தரையும் முள்ளும்தான் இருந்தன. பக்கத்து நகரத்திலிருந்து சாக்கில் கட்டிக் கொண்டுவந்த புல்லை, மண்டி போட்டு, ஒவ்வொரு கொத்தாக நட்டவர் அவர். கோடைக் காற்றில் ஊரே புழுதியாகக் கிடக்கும்போதும் அந்தப் புல் மட்டும் பச்சையாக இருக்கும்.

"புள்ள பொறந்திருந்தா அதுக்குக்கூட நீ இவ்வளவு தண்ணி ஊத்தியிருக்க மாட்ட," என்பாள் தால்வா. பிள்ளை இல்லாத வீடு. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை.

அந்த வருஷம் ரோமானா தோற்றது. ஒரு ஆட்டம் இரண்டு ஆட்டம் அல்ல, சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஐந்து. ஆற்றுப் பக்கத்துக் கோலில் ரோமானா அடித்த ஒரு பந்துகூட நுழையவில்லை. காரணம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிளப் தலைவர் அமான்சியோ, ஓட்டுச் சூளை முதலாளி, நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டு பேரையும் டிசம்பரிலேயே விற்றுவிட்டார். ஆனால் ஊரில் பாதிப் பேர் அவர் சூளையில்தான் வேலை பார்த்தார்கள். முதலாளியைக் குறை சொல்ல யாருக்கு நாக்கு எழும்? அதனால் பழி போட வேறு ஆளைத் தேடினார்கள். முதலில் பயிற்சியாளர். அவரைத் துரத்தியாயிற்று. பிறகு கோல்கீப்பர். கடைசியில் புல்.

ஐந்தாவது தோல்விக்கு மறுநாள் ஜெர்சீனோ முடிவெட்டப் போயிருந்தார். கடைக்காரர் ஜூவெனால் கத்தரியைவிட வாயை அதிகம் ஆட்டுகிறவர்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. பந்து சரியா உருள மாட்டேங்குது. புல்லுல ஏதோ கோளாறுன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க."

எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வார், புல்லைச் சொன்னால் பொறுக்க மாட்டார். சுர்ரென்று ஏறிவிட்டது.

"புல்லுல ஒரு கோளாறும் இல்லய்யா! ஆத்துப் பக்கத்துக் கோலுக்குப் பின்னால நான்தான் ஒரு தேரையைப் புதைச்சு வச்சிருக்கேன். போதுமா?"

நாற்காலியில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஜூவெனால் சிரிக்கவில்லை. கத்தரி அப்படியே நின்றது.

கிண்டல்தான். ஆனால் தோற்கிற ஊரில் செய்யக்கூடாத கிண்டல் அது. செத்த தேரையின் வாயில் அணியின் பெயர் எழுதிய காகிதத்தைத் திணித்து, வாயைத் தைத்து, மைதானத்தில் புதைத்துவிட்டால் அந்த அணி உருப்படாது. இதை அந்தப் பக்கம் பாதிரியாரே வாய்விட்டு மறுக்க மாட்டார். ஜெர்சீனோ தலையைத் துடைத்துக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் செய்தி சூளைவரை போய்விட்டது.

மறுநாள் காலை அமான்சியோ நாலு பேரோடு வந்து நின்றார்.

"எங்க புதைச்ச?"

"தலைவரே, அது சும்மா விளையாட்டுக்குச் சொன்னது."

"தேரை விஷயத்துல எவன்டா விளையாடுவான்? ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டம். ஜெயிக்கலன்னா கீழ்ப் பிரிவுக்குப் போயிடுவோம். சனிக்கிழமை சூளையிலேருந்து தோண்டுற மெஷின் வரும். ரெண்டு கோலையும் ஆளு உசரத்துக்குத் தோண்டிப் பார்த்துடுவேன். அதுக்கு முன்னாடி நீயே எடுத்துக் குடுத்துட்டா உன் வேலைக்கு நான் பொறுப்பு."

ஜெர்சீனோ அன்று சோற்றையும் பீன்ஸையும் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. பத்தொன்பது வருஷத்துப் புல்லில் அந்த இயந்திரத்தின் பல் இறங்குவதை அவரால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை. தால்வாதான் வழி சொன்னாள்.

"இந்தா பாரு ஜெர்சீனோ. அவங்களுக்கு வேண்டியது ஒரு தேரை. குடுத்துத் தொலை."

"இல்லாத தேரையை எங்கேருந்து குடுக்கிறது?"

"ஆத்தங்கரையில இல்லாத தேரையா? ஒண்ணைப் புதை, ஒண்ணைத் தோண்டு. புல்லு பிழைக்கும்."

உயிரோடு இருக்கும் தேரையைக் கொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவர் புல்லின் புழுவையெல்லாம் தின்று தீர்ப்பதே தேரைகள்தான். பத்தொன்பது வருஷக் கூட்டாளிகள். பேருந்து நிலையத்துச் சாலையில் லாரி ஏறிச் சப்பையாகிக் காய்ந்து கிடந்த ஒன்றை வியாழக்கிழமை விடியற்காலையில் பொறுக்கிக்கொண்டு வந்தார். அணியின் பெயரைக் காகிதத்தில் எழுதி அதன் வாயில் திணித்து, தால்வா சிவப்பு நூலால் தைத்தாள். கோலுக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே, சாக்கடையோரம் புல் இல்லாத இடம் ஒன்று இருந்தது. அங்கே முழ ஆழத்தில் புதைத்தார்.

சனிக்கிழமை இயந்திரம் வாசலில் உறுமிக்கொண்டு நிற்க, ஊர் திரண்டு பார்க்க, ஜெர்சீனோ மண்வெட்டியை எடுத்து நாலு வெட்டு வெட்டினார். தேரை வந்தது. சிவப்பு நூலைப் பார்த்ததும் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரோ வெடி வெடித்தார்கள். அமான்சியோவே மண்ணெண்ணெய் ஊற்றி அதைக் கொளுத்தினார். இயந்திரம் திரும்பிப் போனது. ஜெர்சீனோவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. அன்று மாலை ஆனந்தமாக வெள்ளைக் கோடு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரோமானா தோற்றிருந்தால் அவர் தப்பித்திருப்பார். இரண்டு நாள் கேலி, அதோடு முடிந்திருக்கும். ஆனால் கெட்ட நேரம், ரோமானா ஜெயித்துவிட்டது. ஆட்டம் முடிய ஏழு நிமிஷம் இருக்கும்போது வால்டெசிர் என்கிற ஒல்லிப் பையன் தலையால் முட்டி, அதே ஆற்றுப் பக்கத்துக் கோலில் பந்தைப் போட்டான். படிக்கட்டு இடிந்து விழுகிற மாதிரி சத்தம். ஊர் மைதானத்துக்குள் பாய்ந்தது. ஜெர்சீனோவும் கையை விரித்துக்கொண்டு ஓடினார், எல்லாரையும் கட்டிக்கொள்ளலாம் என்று. முதலில் எதிர்ப்பட்டவன் அவர் மேல் துப்பினான்.

"அஞ்சு ஆட்டம் நாங்க அழுதது உன்னாலதானே!"

"யோவ், அது ரோட்ல கிடந்த தேரை!" என்று கத்தினார் ஜெர்சீனோ. "வியாழக்கிழமைதான் கொண்டாந்து வச்சேன்! புல்லைத் தோண்டிடுவாங்களேன்னு வச்சேன்! தால்வாவைக் கேளுங்க!"

ஜூவெனால் நிதானமாகக் கேட்டார்: "வியாழக்கிழமை வச்ச தேரைன்னா, எடுத்ததும் எப்படிண்ணே ஜெயிச்சோம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் உலகத்தில் யாரிடம்தான் இருக்கும்?

திங்கட்கிழமை அமான்சியோ சாவியை வாங்கிக்கொண்டார். "நான் மன்னிச்சுட்டேன் ஜெர்சீனோ. ஊரு மன்னிக்காது. உன் பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்," என்றார். விற்ற இரண்டு ஆட்டக்காரர்களைப் பற்றி அன்றைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு செத்த தேரை முதலாளியைச் சுத்தமாகக் கழுவிவிட்டது.

ஆற்றுக்கு அக்கரையில் தால்வாவின் தங்கை வீட்டுப் பின்கட்டுக்குக் குடிபோனார்கள். ஜூனில் உலகக் கோப்பை வந்தது. ஒவ்வொரு உலகக் கோப்பைக்கும் கடைத்தெருவில் தேசியக் கொடியைத் தரையில் தீட்டுவார்கள். கயிறு பிடித்து, சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுப்பது ஜெர்சீனோதான். அவர் கோடு போட்டால் கோணாது. இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டுவிடுவார்கள் என்று அவர் கயிற்றை நனைத்துக் காயவைத்துச் சுற்றி வைத்திருந்தார். கொடியின் நடு வட்டம் முட்டைபோல வந்திருந்தது.

தேசிய அணி காலிறுதியில் தோற்றது. அணியின் மஞ்சள் சட்டையைப் போட்ட ஊர் தெருவில் குந்தி அழுதது. ரொட்டி வாங்கப் போன ஜெர்சீனோவைப் பார்த்து ஜூவெனால் கடை வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"என்னண்ணே, அங்கேயும் போயிட்டு வந்துட்டீங்களா?"

அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஜெர்சீனோ ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்து அவரும் அழுதார், தோற்ற அணிக்காக அல்ல.

ஜூலையில் மழை கிடையாது. புல்லுக்கு விடியலில் ஒரு தரம், அந்தியில் ஒரு தரம் தண்ணீர் விட வேண்டும். யார் விடுகிறார்கள் என்று தெரியாமல் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒருநாள் காலையில் பொறுக்க முடியாமல் பாலத்தைக் கடந்து போனார். மைதானத்து வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. அமான்சியோ மைதானத்தைக் காளைச் சவாரித் திருவிழாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கம்பி வேலி வழியாகப் பார்த்தார். ஆற்றுப் பக்கத்துக் கோலிலிருந்து நடுக்கோடு வரைக்கும் ஆற்று மணலைக் கொட்டி நிரவியிருந்தார்கள். மிச்சப் பாதியில் காளைகள் கட்டியிருந்தன. அவற்றின் காலடியில் பசுமை என்று ஒரு இணுக்குக்கூட இல்லை.

புதுக் காவலாளி ஒலிம்பியோ, முன்பு அவரிடம் காபி வாங்கிக் குடித்தவன்தான், கையை நீட்டி மறித்தான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்களை உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு. மறுபடி எதையாவது புதைச்சுடுவீங்களாம்."

ஜெர்சீனோ வந்த வழியே பாலத்தைக் கடந்து திரும்பினார். தால்வா காபி வடிகட்டிக்கொண்டிருந்தாள். எங்கே போய் வந்தார் என்று அவளுக்குத் தெரியும்.

"புல்லு எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர். "யாரோ தண்ணி விடுறாங்க."