ஊசி இறங்காத உத்தரங்கள்

எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரியில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். படகேறிப் போக வேண்டிய ஒரு கிராமத்தில், ஊரார் பள்ளி என்று சொல்லும் பழைய தேவாலயத்தை இடித்துவிட்டு கான்கிரீட்டில் எழுப்பும் வேலை அவருக்குக் கிடைத்தது. இடிக்க மேலிடத்து அனுமதி வேண்டும். அதற்கு, கூரை மரம் உளுத்துவிட்டது என்று வரைபடத்தில் எழுதி, வரைந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். வரைந்தவள் நான்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். கீழே ஏணியைப் பிடித்திருந்த கப்பியார், கோயில் மணியடிப்பவர், வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டார். பதினொரு உத்தரங்கள், எல்லாம் வள்ளம் கட்டுகிற ஆஞ்ஞிலி மரம். ஒவ்வொன்றிலும் குத்தூசியை வைத்து முழு பலத்தோடு அழுத்தினேன். நகக்கண் அளவுகூட இறங்கவில்லை. சிப்பிச் சுண்ணாம்பு பூசிய வெட்டுக்கல் சுவரில் ஒரு விரிசல் கிடையாது. பீடத்தின் மேலிருந்த கூரை மட்டும் மற்றதைவிட உயர்ந்து, தலை நிமிர்ந்து நின்றது. இப்படி ஒன்றை இவர் கட்டிக் காட்டட்டும் பார்க்கலாம் என்று மனதுக்குள் முதலாளியைத் திட்டினேன்.

"செதல் அரிச்சாச்சுன்னு எழுது மோளே. நமக்கென்ன போச்சு?" என்றார் முதலாளி, நான் திரும்பி வந்து சொன்னதும்.

"ஊசி இறங்கலையே முதலாளி. எப்படி எழுதறது?"

"வேலை வேண்டாமா உனக்கு?"

"வேணும். ஆனா இதை எழுத மாட்டேன்."

வேலை அன்றைக்கே போயிற்று. போகட்டும். வரைபடத்தைச் சுருட்டிக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, முற்றத்துக் கல்சிலுவையருகே, இடிக்கத் தீர்மானித்திருந்த ஊர்க்கூட்டம் கூடியது. அழைக்காமலே போனேன். சிலுவையடியில் விளக்கு வைக்கும் மாடங்களுக்கு மேலே வரைபடத்தை விரித்தேன்.

"கொச்சே, பள்ளி ஞங்கள்டெயா. தமிழத்திக்கு இதில் எந்து காரியம்?" என்றார் கூட்டத்தின் தலைவர்.

மூன்று தலைமுறையாகக் கொச்சித் தண்ணீரைக் குடிக்கிறவளைப் பார்த்துத்தான் தமிழத்தி என்றார். எனக்குச் சுரீரென்றது.

"உங்க பள்ளிதான் சேட்டா. தாராளமா இடிச்சுக்கோங்க. மரம் நல்லாயிருக்கு, சுவர் நல்லாயிருக்கு, ஆனாலும் இடிக்கிறோம்னு எழுதியிருக்கேன். வந்து ஒப்பு போடுங்க."

பேனாவை நீட்டினேன். தலைவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். அந்தக் கூரைக்குக் கீழே ஞானஸ்நானம் பெறாதவர், மாலை மாற்றாதவர் அங்கே ஒருவர்கூட இல்லை. கை வலிக்க வலிக்க நீட்டிக்கொண்டே நின்றேன்.

யாரும் வாங்கவில்லை. அந்தப் பள்ளியை இன்றுவரை யாரும் இடிக்கவுமில்லை.