எதிர்ப்பு சக்தி யாருக்கு?

ஐ.சி.யூ. வாசலில் யாராவது சாக்லேட் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் வாங்கித் தின்றே இருக்கிறேன். போன மாதம், வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்.

கொடுத்தவர் சேகர் அண்ணன். என் நாத்தனார் கலாவின் வீட்டுக்காரர். உள்ளே படுத்திருந்தது கலா.

கலாவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரணியில் எங்கள் தெருவில் பாதிச் சத்தம் தறிச் சத்தம், மீதி கலா. தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசுவாள். நான் நேர் எதிர். பஸ்ஸில் என் ஸ்டாப் வந்துவிட்டது என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள். இந்தப் பத்தியை எழுத முடிவதே, எழுதும்போது எதிரில் யாரும் இல்லை என்பதால்தான்.

கலாவிடம் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. தெருவுக்கே அதுதான் மெடிக்கல் ஷாப். யாருக்கோ எப்போதோ டாக்டர் எழுதிக் கொடுத்து, காய்ச்சல் விட்டதும் மிச்சம் வைத்த மாத்திரைகள் எல்லாம் அதில்தான் வந்து சேரும். “இந்தா, இந்தச் செவப்பு மாத்திரைல ரெண்டு போடு. ஜல்தியா எறங்கிடும்” என்பாள். இறங்கும். அதனால் அவள் மேல் எல்லோருக்கும் மரியாதை.

நீர்க்கடுப்பும் காய்ச்சலும் அவளுக்கே வந்தபோதும் அந்த டப்பாதான் திறந்தது. ரெண்டு மாத்திரை. காய்ச்சல் விட்டது, நிறுத்தினாள். திரும்ப வந்தது… திரும்ப டப்பா. ஒருநாள் காலை உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பிறகு பேச்சு நின்றுவிட்டது. நடுக்கத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை. கலா பேசவில்லை — அப்போதுதான் பயந்தேன். கூட ஒரு பெண் வேண்டும் என்று நானும் ஆம்புலன்ஸில் ஏறினேன்.

“யூரின்ல இருந்த கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு” என்றார் டாக்டர். இளம் பெண். ரத்தம் எடுத்துப் பாட்டில்களில் விட்டார்கள். எதற்கு என்று சேகர் அண்ணன் கேட்டார்.

“கிருமிய வளர்க்கறதுக்குங்க.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “இன்னாம்மா இது… கொல்லணும்னு இட்டாந்தா, வளக்கறேன்றாங்க.”

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எந்த மருந்து கேட்கும் என்பது கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதுவரை, பொதுவாகக் கேட்கிற ஒரு மருந்து ஏறும். அது கேட்டால் நல்லது. கேட்காவிட்டால்…? அதை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் காலை செய்தி வந்தது. பாட்டிலை வைத்த மெஷின், உள்ளே கிருமி வளர்ந்ததும் தானாகவே சத்தம் கொடுத்துவிட்டதாம். ஒரு பாட்டில், எனக்குள் ஏதோ இருக்கிறது என்று தானே ஆளைக் கூப்பிடுகிறது. என்ன சொல்வது இதை? சாயந்திரத்துக்குள் எந்த மருந்து என்று தெரிந்துவிடும் என்றார்கள்.

கலாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. கண் திறக்கவில்லை.

சாயந்திரம் ஒரு நர்ஸ் கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தார். “கலாவோட வந்தவங்க யாரு? ரிசல்ட் வந்திடுச்சு. எதிர்ப்பு சக்தி நிறைய இருக்காம். டாக்டர் வருவாங்க, எங்கயும் போயிடாதீங்க.” கதவு மூடிக்கொண்டது.

சேகர் அண்ணன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உடனே போனை எடுத்தார். “டேய், ரத்தத்துல எதிர்ப்பு சக்தி நெறைய கீதாம்டா. கொரோனா டைம்ல அவ குடிச்ச கஷாயம் இன்னா சாதாரணமா? தேறிடுவாடா.” ஊரில் கோயிலில் கற்பூரம் ஏற்றச் சொன்னார். கீழே கேன்டீனுக்கு ஓடி, ஒரு பொட்டலம் சாக்லேட்டோடு வந்தார். வாட்ச்மேனுக்கு ஒன்று. எங்களைப் போலவே காத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒவ்வொன்று. எனக்கும் ஒன்று.

டாக்டர் வந்தார். “மருந்த மாத்தப் போறோங்க. இது கொஞ்சம் பெரிய மருந்து. கிட்னிய கவனிச்சுக்கிட்டே கொடுக்கணும்.”

“எதுக்கு டாக்டர்?” என்றார் அண்ணன். “அதான் எதிர்ப்பு சக்தி நல்லா கீதே. அவளே தேறி வந்துகினு இருக்கா. இப்ப போயி ஹெவி மருந்துலாம் வாணாம்.”

“எதிர்ப்பு சக்தி இருக்கறதாலதாங்க மாத்தறோம்.”

“அது இருந்தா நல்லதுதானே, டாக்டர்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் படித்தவர், ஒருவர் பாசக்காரர். இருவர் சொல்வதும் சரி. ஆனாலும் எங்கேயோ இழை அறுந்திருந்தது. தறியில் இழை அறுந்தால் கை தானாக நிற்கும். அந்த மாதிரி எனக்குள் ஏதோ நின்றது. சாக்லேட்டைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுக் கேட்டேன்.

“யாருக்குங்க?”

“என்னம்மா?”

“அந்த எதிர்ப்பு சக்தி… கலாவுக்கா, கிருமிக்கா?”

டாக்டர் சட்டென்று என்னைப் பார்த்தார். பிறகு அண்ணன் கையிலிருந்த பொட்டலத்தை. அவருக்குப் புரிந்துவிட்டது.

“கிருமிக்கும்மா” என்றார், மெதுவாக.

அண்ணன் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் திணித்தார். திருடியதை மறைக்கிற மாதிரி.

டாக்டர் எங்களை பெஞ்சில் உட்காரவைத்தார். தன் போனில் லேப் அனுப்பிய ஒரு படத்தைக் காட்டினார். வட்டமான சின்னத் தட்டு. அதில் பொட்டு மாதிரி காகித வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து தோய்ந்திருக்கிறதாம். தட்டு முழுக்கக் கலாவின் கிருமி, லேசான பனி படர்ந்ததுபோல. சில வில்லைகளைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம். கண்ணாடியில் மூச்சு விட்டு, விரலால் துடைத்த இடம்போல. அங்கே கிருமியால் நெருங்க முடியவில்லை. மற்ற வில்லைகளின் ஓரம்வரை கிருமி சாவகாசமாக வளர்ந்திருந்தது.

“இப்ப அவங்களுக்கு ஏறிட்டு இருக்கறது இது” என்று ஒரு வில்லையைக் காட்டினார். வட்டமே இல்லை.

“மாத்தப் போறது இது.” நல்ல அகலமான வட்டம்.

அண்ணன் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “மாத்துங்க டாக்டர்” என்றார்.

முன்பெல்லாம் இந்தப் படம் கிடைக்க இன்னும் ரெண்டு நாள் ஆகுமாம். ஒரு ராத்திரி கிருமியைத் தனியாக வளர்த்து, இன்னொரு ராத்திரி வில்லைகளோடு வைத்து… இப்போது பாட்டிலில் இருந்து நேராக எடுத்துத் தட்டில் வைக்கிறார்கள். காலையில் வைத்தது, சாயந்திரம் பார்த்துவிட்டார்கள். அந்த ரெண்டு நாளும், வட்டமே போடாத மருந்துதான் கலாவுக்கு ஏறிக்கொண்டிருந்திருக்கும்.

எங்கள் ஊரில் சாயம் போடுகிறவர், முழு நூலையும் முக்குவதற்கு முன்னால் கொஞ்சம் நூலை மட்டும் முக்கிப் பார்ப்பார். அது எனக்குத் தெரியும். ஆனால் இது? கலாவின் உடம்பில் நடந்திருக்க வேண்டிய தோல்வி எல்லாம் ஒரு சின்னத் தட்டில் நடந்து முடிந்துவிட்டது. அவளுக்கு வெற்றியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அன்றைக்கு வெகுநேரம் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த லேப் எந்த மாடியில் என்றுகூடத் தெரியாது. தெரிந்திருந்தால், வாசலில் போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டாவது வந்திருப்பேன்.

எதிர்ப்பு சக்தி… எதிர்ப்பு சக்தி… என்று கொரோனாவிலிருந்து நாம் எல்லோரும் கஷாயம் குடிக்கிறோம். எதிர்க் கட்சியும் குடிக்கிறது என்று யாராவது சொன்னார்களா? அதற்குக் கஷாயம் ஊற்றிக் கொடுத்தது யார்? நாம்தான் — பாதிப் பாதி மாத்திரையாக. கலாவின் டப்பாவால்தான் இப்படி ஆயிற்றா என்று டாக்டரிடம் கேட்டேன். இந்த ஒருத்தருக்கு இதனால்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் இப்படித்தான் கிருமிகள் பழகிக்கொள்கின்றன என்றார். எனக்கு அது போதும்.

மருந்து மாறியது. காய்ச்சல் இறங்கியது. ஒரு காலையில் என்னை உள்ளே விட்டார்கள். கலா கண்ணைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னா அண்ணி, இப்டி கீற… தலையகூட வாரல?”

வெளியே வந்து சேகர் அண்ணனிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். அதே சாக்லேட்தான், கொஞ்சம் இளகியிருந்தது. முதலில் அந்த நர்ஸுக்குக் கொடுத்தார்.

இப்போது கலா வீட்டுக்கு வந்துவிட்டாள். கொடுத்த மருந்தை ஒருவேளைகூட விடாமல் முடித்தாள். “எனுக்கு வந்தது சாதா கிருமி இல்ல, போட்டோலாம் எடுத்துகினாங்க” என்று தெருவெல்லாம் பெருமை வேறு. டப்பாவைக் காலி செய்து, கழுவி, அதில் முறுக்கு போட்டு வைத்திருக்கிறாள்.

முறுக்கை மட்டும் அவள் என்றைக்குமே பாதியில் நிறுத்தியதில்லை.