மத்தியானம் திரும்பி வந்த காற்று

போன கிழமை எங்கள் வீட்டில் களவு. களவு போனது... காற்று!

சிரிக்காதீர்கள். மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு வந்த என் வீட்டுக்காரர், தினமும் பின்னேரம் கோப்பாய் வரை கார் ஓடிவிட்டு வந்து, நாலு ரயரிலும் காற்று அளந்து சரியாக்கி வைப்பார். முப்பது. விடிய அளந்தால் இருபத்தாறு! திரும்பவும் பம்ப் அடிப்பார்.

மார்கழிக் கூதல் தொடங்கிய நாளிலிருந்து இதே கதை. அதே நாட்களில்தான் திருவெம்பாவை பாடுகிறவர்கள் விடியற்காலையில் எங்கள் வாசல் படலைக்கு வருவார்கள். சங்கு ஊதுகிறவர் என் சொந்த அண்ணை. கால் நோவுக்குப் படலையடியில் நிற்கும் காரில் கொஞ்சம் சாய்ந்து நிற்பார். போதாதா இவருக்கு?

"மச்சான், சங்கு ஊதக் காத்துக் காணாதெண்டோ என்ரை ரயரிலை கை வைச்சனீர்?"

எது குறைந்தாலும் பக்கத்தில் நின்றவரைத்தானே முதலில் பார்க்கிறோம்?

அண்ணை நான் கொடுத்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பாட்டு எங்கள் படலையைத் தாண்டிப் போனது. மலாயாவில் இருந்த வருஷமெல்லாம் நான் ஏங்கியது அந்தச் சங்குக்குத்தான்.

நான் எதிர்த்துக் கதைத்துப் பழக்கமில்லாதவள். மூன்றாம் நாள் மத்தியானம், வீட்டுக்காரர் கண்ணயர்ந்த நேரம், காற்று அளக்கிற கோலை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். "சாட்சிக்குக் கிடக்கட்டும்" என்று அன்று அவர் பம்ப் அடிக்கவில்லை. கார் வெயிலில் சுட்டது. ஐந்தாம் வகுப்புப் படிப்பு இலக்கம் வாசிக்கப் போதும்தானே? விடிய இருபத்தாறு காட்டிய அதே ரயர்... இருபத்தொன்பது!

எழுப்பினேன்.

"இஞ்சாருங்கோ, உங்கடை கள்ளன் நல்லவன். விடிய எடுத்த காத்தை மத்தியானம் திருப்பிக் கொண்டந்து வைச்சிட்டான்."

ஓடிப்போய் அளந்தார். இரண்டு தரம்.

"கூதலுக்கு ஒடுங்கி வெயிலுக்கு விரியுதோ? மலாயாவிலை உப்பிடி நடக்கேல்லையே!"

"அங்கை மார்கழிக் கூதல் எங்கை இருந்தது?"

மன்னிப்புக் கேட்பாரா? அந்த வாயா? ஆனால் அடுத்த விடியற்காலை, தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு படலையில் போய் நின்றார். பாட்டு வந்தது. தாண்டப் பார்த்தது.

"மச்சான்... கால் நோகுமெல்லே. வந்து காரிலை சாஞ்சு நில்லும்."

அண்ணை வந்து காரில் சாய்ந்தார். பிறகு சங்கைத் தூக்கிக் காட்டினார்.

"உம்மடை காத்து முழுக்க இதுக்குள்ளைதான் கிடக்கு. கேளும்!"

ஊதினார். நீளமாக.

இப்போதும் விடிய இருபத்தாறுதான். அவர் அளப்பதில்லை — அளக்க நின்றால், கொண்டுபோய்க் கொடுக்கிற மச்சானுடைய தேத்தண்ணி ஆறிவிடுமாம்!