நாற்பத்தாறு சால் சோளம்

மேட்டூர் அணையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் நீளத்தையும் உயரத்தையும் சொல்கிறார்கள். எங்கள் சோளக்காட்டைப் பற்றி யாரும் சொல்லப்போவதில்லை. ஏர் கிழித்த நாற்பத்தாறு சால். தூக்கம் வராவிட்டால் இப்போதும் அவற்றைத்தான் எண்ணுகிறேன். முழுசாக எண்ணி முடித்ததில்லை.

எங்கள் ஊர் அணைக்கு மேலே, மூழ்கப்போகும் ஊர்களில் ஒன்று. நிலத்துக்குக் கொடுத்த பணத்தில் எடப்பாடிப் பக்கம் கல்லுக்காடு ஒன்று வாங்கியிருந்தோம். வைகாசியில் சர்வேயர் வந்து, தண்ணீர் தேக்கப் போகிறார்கள், இனி விதைக்க வேண்டாம் என்றார். மூன்று வருஷம் பொய்த்த மழை அந்த வாரம் பார்த்துக் கொட்டியிருந்தது.

"ஏனுங்க, காடு இப்படிப் பதமாக் கெடக்குது. வெதைக்காம எப்படிங்க உடறது?" என்றார் அப்பா.

முன்பே வீட்டைப் பிரித்துக்கொண்டு போய், மிச்சச் சாமான் எடுக்க அன்று வந்திருந்த என் மாமன் சிரித்தார். "மச்சான், மீனுக்கா வெதைக்கறீங்க?"

"மீனு வாரதுக்குள்ள அறுத்துப்போடுவேன். நீ போ மாப்பளே."

போகிற இடத்தில் அந்த வருஷம் தின்ன எங்களுக்கு வேறு தானியம் கிடையாது.

சோளம் ஆள் உயரம் வளர்ந்தது. அப்படி ஒரு விளைச்சலை அந்தக் காட்டில் நான் கண்டதேயில்லை. ஆவணியில் தண்ணீர் வந்தது. வெள்ளம் மாதிரி இரைச்சல் இல்லை. காட்டின் கீழ்க்கோடியில் சும்மா ஏறி நின்றது. முதல் நாள் நான்கு சால். மறுநாள் ஒன்பது. கதிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. இன்னும் இரண்டு வாரம் நின்றால்தான் தானியம்.

"தட்டையாவது அறுத்துக்கலாங்கப்பா, மாட்டுக்கு ஆகும்," என்றேன்.

"பாலோட அறுக்கறதா? நாளைக்குத் தண்ணி நின்னுரும், சாமி."

எத்தனை சால் போயிற்று என்று சாயங்காலம் கேட்பார். சொல்வேன். இருபத்தொன்று என்று சொன்ன பிறகு கேட்கவில்லை.

அன்று அம்மா யாரையும் கேட்காமல் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவளும் நானும் மேட்டுப் பக்கம் பத்துச் சால் பச்சையாக அறுத்தோம். அப்பா சாமான் ஏற்றிய வண்டியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

வழியெல்லாம் மாடுகள் அதைத் தின்றன. புது இடத்தில் இறங்கும்போது ஒரு கட்டு மிச்சம். அந்த வருஷம் மூன்று பேரும் கூலிக்குப் போய்ச் சாப்பிட்டோம்.

அடுத்த வைகாசியில் கல்லுக்காட்டில் நல்ல மழை. அப்பா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.