தலைமாட்டில் ஆள் வேண்டாம்

மழை வரப்போகிறது என்றால் என் இடது விலா எலும்புக்குத்தான் முதலில் தெரியும். அது வலிக்கும்போதெல்லாம் என் பெரியப்பா மகன் ஞாபகம் வரும். அவன் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. கோபம் மட்டும் போகவில்லை. போகச் சொல்லி நான் கேட்டதும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. தோவாளைக்குப் பக்கத்தில் ஒரே கூரையின்கீழ் இரண்டு குடும்பமாக இருந்தோம். பெரியப்பா மகனான அந்த அண்ணன் நாகர்கோவிலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அங்கே துரை ஒருவர் இரும்புக் குண்டு தூக்குவதைப் பார்த்துவிட்டு வந்து, மாவு திரிக்கும் திருவைக் கல்போல நடுவில் துளை போட்ட கல்வட்டுகளைக் கல்தச்சனிடம் செய்து வாங்கினான். கடப்பாரையின் இரு முனையிலும் அவற்றைக் கோத்து, கழன்று விழாமல் ஆப்பு அடித்தான். செங்கல்மேல் போட்ட பலகையில் மல்லாந்து படுத்து, கடப்பாரையை நெஞ்சுக்கு இறக்கி மறுபடி மேலே தள்ள வேண்டும். தலைமாட்டில் ஒருவன் நிற்பான். கை சோர்ந்தால் பிடித்துத் தூக்கிவிடுவது அவன் பொறுப்பு.

ஒரு நாள் களத்தில், அவன் சேக்காளிகள் சுற்றி நிற்க, என்னைப் படுக்கச் சொன்னான்.

“நான் பிடிச்சுக்கிடுதேன் லே, பயப்படாத.”

கொஞ்ச நேரம் தள்ளினேன். பிறகு கை மடங்கியது. கடப்பாரை நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. தலைமாட்டில் நின்ற அண்ணன் கையைக் கட்டிக்கொண்டான்.

“நான் பொம்பளைன்னு சொல்லு லே, எடுக்கேன்.”

சொன்னேன். மூச்சு முட்டுகிறவன் எதைத்தான் சொல்லமாட்டான்? காதில் விழவில்லை என்றான். இன்னொரு முறை சொன்னேன். சிரித்து முடித்த பிறகுதான் எடுத்தார்கள். விலாவில் ஒரு எலும்பு விண்டிருந்தது. வைத்தியர் போட்ட பற்று காய்வதற்குள் ‘பொம்பளை’ என்று ஊரில் எனக்குப் பெயர் விழுந்துவிட்டது. சந்தைக்குப் பூக்கூடை கொண்டுபோனால் அங்கேயும் அந்தப் பெயர் எனக்கு முன்னால் போயிருந்தது.

அவன் தள்ளுவதைவிட அதிகக் கனத்தை அவன் கண்ணெதிரே தள்ளிக் காட்ட வேண்டும். அவன் வாயாலேயே அந்தச் சொல்லைச் சொல்ல வைக்க வேண்டும். அதற்குமேல் எனக்கு எந்த ஆசையும் இல்லாமல் போயிற்று. ஆனால் இனி என் தலைமாட்டில் யாரும் நிற்கக் கூடாது, பெற்ற தகப்பனானாலும் சரி.

மாட்டுத்தொழுவின் ஓரத்தில் தனியாகத் தொடங்கினேன். நெல் குத்தும் கல்லுரல் இரண்டைப் பலகைக்கு இருபுறமும் நிறுத்தினேன். நெஞ்சை நிமிர்த்தினால் கடப்பாரை நெஞ்சைத் தொடும். மூச்சை விட்டு அமுங்கினால் அது உரல் விளிம்பில் உட்கார்ந்துவிடும். ஆப்பு அடிப்பதில்லை. ஒரு பக்கம் சாய்த்தால் கல் தானாகக் கழன்று விழ வேண்டும். கோபக்காரன் என்று எனக்குப் பெயர், ஆனால் அந்தப் பலகையில் என்னைப்போல் நிதானக்காரன் கிடையாது. அவன் முகத்தை நினைத்துக்கொண்டு தள்ளுவேன். கை தளர ஆரம்பித்தால் அவனை நாளைக்கு ஒத்திப்போடுவேன்.

மதினிதான் இடைஞ்சல். அண்ணனைக் கட்டி அந்த வருஷம்தான் வந்திருந்தாள். “கொழுந்தனாரே, நெல்லு குத்தாண்டாமா?” என்று வந்து, யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் உரலைச் சாய்த்து உருட்டிக்கொண்டு போய்விடுவாள்.

அடுத்த ஆடிக் காற்றில் அண்ணன் தொழுவுக்கு வந்தான். நான் அவனைவிட இரண்டு கல் அதிகம் தள்ளுவது காதுக்கு எட்டியிருந்தது. உரல்களைப் பார்த்துச் சிரித்தான்.

“உரலு பொம்பளைக்குல்லா லே வேணும்.”

“அது கெடக்கட்டும் அண்ணே,” என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

இரண்டையும் அப்பால் தள்ளினான். நான் தள்ளும் அதே கனத்துக்கு ஆப்பும் அடித்துவிட்டுப் பலகையில் படுத்தான். நான் தலைமாட்டுக்குப் போகவில்லை, அவனும் கூப்பிடவில்லை. ஒரு தடவை தள்ளினான். மறுதடவை கடப்பாரை நெஞ்சிலேயே தங்கிவிட்டது. நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

“சொல்லு அண்ணே.”

சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். ஒரு வருஷமாக நான் காத்திருந்த சொல் அது. அதைத் தரக்கூட அந்தப் பாவிக்கு மனமில்லை. முகம் கறுத்துக்கொண்டு வந்தது. நானே தூக்கியிருக்கலாம். தூக்கினால் எனக்கு நல்ல தம்பி என்று பெயர் கிடைக்கும், அவன் தப்பித்துவிடுவான். அடுக்களைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டேன்.

“மதினி, இங்க வந்து ஒரு கை பிடியுங்க.”

புடைத்துக்கொண்டிருந்த சுளகைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கடப்பாரையின் ஒரு முனையைப் பிடித்து, உரலைச் சாய்ப்பதுபோல அப்படியே நிமிர்த்தினாள். மறுமுனை தரையில் ஊன்றியது. அண்ணன் அடியிலிருந்து உருண்டு வெளியே வந்து இருமினான். அவன் முதுகைத் தடவிவிட்டாள். மூச்சு சீரானதும் கல்லை ஒரு பார்வை பார்த்தாள்.

“இம்புட்டுதானா கனம்? நீங்க ரெண்டுபேரும் முக்குன முக்கலுக்கு நான் என்னமோன்னுல்லா நெனச்சேன்.”

சொல்லிவிட்டு உரலை உருட்டிக்கொண்டு போனாள். அந்தக் குத்தலில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், அவன் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்தவன் நான்.

அதற்குப் பிறகு அவன் அந்தக் கடப்பாரையைத் தொட்டதில்லை. தென்னங்கன்று வைக்க அவன் மண்வெட்டியால் குழி தோண்டும்போதெல்லாம், மதினி பக்கத்தில் நிற்கிற நேரமாகப் பார்த்து, கேட்காமலே அதைக் கொண்டுபோய் நீட்டுவேன்.

“மம்பட்டி போதும் லே,” என்பான்.